நாக்கு எரிகிறது என்றால் நம்புகிற மருத்துவர்

நாக்கில் புண் இல்லை. வெள்ளைப் படலம் இல்லை. சிவந்துகூட இல்லை. ஆனால் அந்த அம்மா "எரியுது டாக்டர்" என்கிறார். ஐம்பதைக் கடந்தவர். காலையில் எழும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை, பொழுது ஏற ஏற எரிச்சலும் ஏறுகிறது என்றார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். ஓரிடத்தில், "ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"மாதவிடாய் நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?" என்று கேட்டேன். பல் டாக்டருக்கு இது எதற்கு என்பதுபோல் பார்த்தார். எரிச்சல் தொடங்கிய காலமும் அதுவும் ஒன்றாக இருந்தன.

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். அப்போது குறையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், கருப்பையோடு மட்டும் தொடர்புடையதல்ல. வாயின் உட்தோலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் எலும்பும் அதன் தயவில்தான் இருக்கின்றன. வாய் உலர்கிறது, ஈறு தேய்ந்து இறங்குகிறது. உமிழ்நீர் குறைந்தால் அமிலத்தைத் தணிக்க ஆளில்லை. இத்தனை வருடம் சொத்தையே காணாதவருக்குப் பல்லின் வேரோரம் சொத்தை விழுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். வேறு நோயோடும் போராடுகிறவர்களுக்கு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத எரிச்சல் பொய்யல்ல. வலியைச் சொல்லும் நரம்புகளில் ஏற்படும் மாற்றம் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் இரும்புச்சத்து, பி12, சர்க்கரை, தைராய்டு, பூஞ்சைத் தொற்று, பொருந்தாத பல்செட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். அவருக்கும் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. "அப்ப கேன்சர் இல்லையா?" என்றார். அந்தப் பயத்தை ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். இல்லை என்றதும் அழுதுவிட்டார். மருந்து எழுத நான் இன்னும் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

ஒரு கடிதம் எழுதி, அவரைப் பார்த்துவந்த மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். அந்த மருத்துவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு அன்றே போன் செய்தார். சில மாதம் கழித்து, எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் தேய்மானம் தெரிந்தபோது, இரண்டே வரி எழுதி அந்த அம்மாவை என்னிடம் அனுப்பினார்: "எலும்புக்கு ஊசி தொடங்கப் போகிறேன். எடுக்க வேண்டிய பல் இருந்தால் முதலில் முடித்துவிடுங்கள்."

இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பிஸ்பாஸ்பனேட் மருந்துகளும் டெனோசுமாப் ஊசியும் எலும்பு முறிவைத் தடுக்கிற நல்ல மருந்துகள். ஆனால் அவற்றை எடுத்துவரும்போது பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். எலும்புத் தேய்மானத்துக்கு எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு; புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்குக் கூடுதல். எக்ஸ்ரேயில் அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருந்தது. வலியே இல்லை. எடுத்தோம், ஆறவிட்டோம், பிறகு ஊசி தொடங்கினார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பல் பிடுங்கவேண்டும் என்பதற்காக நீங்களாக அந்த ஊசியை நிறுத்தாதீர்கள். டெனோசுமாப் 6 மாதத்துக்கு ஒருமுறை போடுவது. தள்ளிப்போனால் முதுகெலும்பில் முறிவு வரக்கூடும். இரண்டு மருத்துவர்களையும் பேசவையுங்கள்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள். "நன்றி டாக்டர்" என்பதோடு, எது உதவியது என்பதையும் சொல்லுங்கள். முழுதாகக் குணமாகாத தொல்லைகளில், தான் செய்தது பயன்பட்டதா என்று எங்களுக்கே தெரியாமல் போகிறது. நீங்கள் சொன்னால், அடுத்து வருகிறவரிடமும் மாதவிடாய் பற்றிய அந்தக் கேள்வியை மறக்காமல் கேட்போம்.

அந்த அம்மாவுக்கு எரிச்சல் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. இரண்டு வரிக் கடிதம் இன்னும் அவருடைய கோப்பில்தான் இருக்கிறது. போன முறை நாற்காலியில் உட்காருமுன்பே, நான் கேட்காமல், அடுத்த ஊசித் தேதியைச் சொன்னார்.