பேட்டரி நிரம்பிய பிறகு வரும் மின்சாரம்: டம்ப் லோடு கட்டுவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் மின்கம்பம் எட்டாத தோப்பு வீடுகளில் சோலார் பேனலும் பேட்டரியும்தான் துணை. பங்குனி வெயிலில் முற்பகலிலேயே பேட்டரி ஏறத்தாழ நிரம்பிவிடும். அதற்கப்புறம் பேனல் எவ்வளவு தரத் தயாராக இருந்தாலும் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளாது. 3 கிலோவாட் பேனல் தெளிந்த நாளில் 12 யூனிட் தரக்கூடியது. வீட்டுச் செலவு 6 யூனிட் என்றால் மீதி பாதி உற்பத்தியாகாமலே போகிறது. அந்த மிச்சத்தில் ஓடுவதற்கென்றே தனியாகக் கட்டும் சுமைக்குப் பெயர் டம்ப் லோடு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறிய காற்றாலைக்கு டம்ப் லோடு உயிர்க்காப்பு. சுமை விட்டுப்போனால் இறக்கை கட்டுக்கடங்காமல் சுழன்று, வோல்டேஜ் எகிறி, எல்லாம் எரியும். பேனல் அப்படியில்லை. வயரைக் கழற்றி வெயிலில் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. செட்டிநாட்டில் சோலார்தான் என்பதால் இங்கே டம்ப் லோடு கட்டாயம் அல்ல, வசதி. ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் இதைக் கட்டவே கூடாது என்பது எங்கள் கருத்து. ஆளில்லாத வீட்டில் தானாகச் சூடேறும் ஹீட்டர் தேவையில்லாத ஆபத்து. பேட்டரி ஃப்ளோட்டில், அதாவது நிரம்பியதை அப்படியே தக்கவைக்கும் குறைந்த வோல்டேஜில், நிற்கட்டும், போதும்.

ஆள் புழங்கும் இடத்தில் முதல் கேள்வி: எப்போது ஆன் ஆக வேண்டும்? நான்கு 12 வோல்ட் ட்யூபுலர் பேட்டரி சேர்ந்த 48 வோல்ட் வரிசையை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோலர் அதை 57.6 வோல்ட் வரை ஏற்றி, அங்கேயே பிடித்து வைத்து ஆம்பியரை மெல்ல மெல்லக் குறைக்கும். இது அப்சார்ப்ஷன் கட்டம். 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் உள்ளே போகும் கரண்ட் 3 முதல் 6 ஆம்பியருக்கு இறங்கிய பிறகே பேட்டரி உண்மையில் நிறைந்தது. அதன்பின் 54 வோல்ட்டில் ஃப்ளோட். பலர் 56.8 வோல்ட் தொட்டதும் டம்ப் லோடு ஓடும்படி ரிலேயை (தானாக ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) செட் செய்கிறார்கள். அப்போது பேட்டரிக்குச் சேரவேண்டிய கடைசிப் பங்கு ஹீட்டருக்குப் போகிறது. தினமும் இப்படிக் குறை வயிற்றோடு நிற்கும் பேட்டரியில் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். ஓரிரு வருடத்தில் கொள்ளளவு சரிந்துவிடும்.

இந்த ஊர் வெயிலுக்கே உரிய இன்னொரு கண்ணியும் உண்டு. லெட்-ஆசிட் பேட்டரி சூடாகச் சூடாக சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். ஒரு செல்லுக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் 5 மில்லிவோல்ட் வரை. 24 செல்லுக்கு அது 0.12 வோல்ட். மே மாதம் பேட்டரி அறை 40 டிகிரி தொட்டால், 25 டிகிரிக்கு மேலுள்ள 15 டிகிரிக்காகக் கன்ட்ரோலர் 1.8 வோல்ட்டைக் கழித்து 55.8-லேயே நின்றுவிடும். 56.8-க்குச் செட் செய்த ரிலே கோடை முழுக்க ஒருமுறைகூட ஆன் ஆகாது. மிச்சம் அதிகமுள்ள மாதத்தில்தான் இது நடக்கும். ஆகவே நிலையான வோல்டேஜை நம்பாமல், கன்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு வந்ததும் சிக்னல் தரும் ஆக்ஸிலரி ரிலேயைப் பயன்படுத்துங்கள். அந்த வசதியுள்ள கன்ட்ரோலருக்குக் கூடுதலாகச் செலவழித்தால் தகும். வெப்ப சென்சாரைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், சுவரில் அல்ல.

அடுத்து, எதற்குக் கொடுப்பது? வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் வெந்நீர் என்கின்றன. 100 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற 2.9 யூனிட் வேண்டும். அதாவது ஒரு யூனிட்டுக்கு 34 லிட்டர். அதே ஒரு யூனிட், மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினாலே, 30 மீட்டர் ஆழத்திலிருந்து கிட்டத்தட்ட 5,000 லிட்டரை மேலே தூக்கும். சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அறுபது மரத்துக்கு ஆச்சு. ஊருணியும் கண்மாயும் மழையை நம்பியிருக்கும் மண்ணில், சித்திரை வெயிலின் மிச்சத்தை வெந்நீராக்குவதில் அர்த்தமில்லை. முதலில் தொட்டி நிரம்பட்டும். மாவாட்டுவது, சோறு வடிப்பது, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைப்பது எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றிக்கொள்வது காசு செலவில்லாத டம்ப் லோடு.

மோட்டாரில் கவனிக்க வேண்டியவை: 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 1,100 முதல் 1,200 வாட் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. இன்வெர்ட்டர் அந்த உதையைத் தாங்க வேண்டும். மேகம் வந்து வந்து போகும் நாளில் மோட்டார் ஆன்-ஆஃப் ஆகிக்கொண்டே இருந்தால் வைண்டிங் புகைந்துவிடும். ஆகவே டைமர் வைத்து, நின்ற மோட்டார் 15 நிமிடமாவது கழித்தே மறுபடி கிளம்பும்படி செய்யுங்கள். பேட்டரி 50 வோல்ட்டுக்குக் கீழே 3 நிமிடம் தொடர்ந்து நின்றால் ஆஃப். மேலே தொட்டியில், நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்ச், கீழே போர்வெல்லுக்கு, தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடாதபடி தடுக்கும் டிரை-ரன் பாதுகாப்பு. கோடையில் நீர்மட்டம் இறங்கும் இடத்தில் இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

மார்கழிக்கு வெந்நீரும் வேண்டும் என்பவர்கள் வீட்டுக் கீசரை நேரே பேட்டரியில் கொடுத்துப் பார்ப்பதுண்டு. 230 வோல்ட், 2,000 வாட் எலிமென்ட்டின் மின்தடை 26.5 ஓம். 57.6 வோல்ட்டில் அது தருவது வெறும் 125 வாட். தவிர, கீசர் தெர்மோஸ்டாட் ஏ.சி.க்காகச் செய்தது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் கான்டாக்ட் திறக்கும்போது தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் அது அணையாமல் எரிந்து, கான்டாக்ட்டை உருக்கி ஒட்டவைத்துவிடும். நேரே டி.சி.யில் ஓட்டுவதென்றால் 48 வோல்ட் எலிமென்ட்டே வாங்குங்கள். ஆனால் 1,500 வாட் என்று அச்சிட்டது 57.6 வோல்ட்டில் 2,160 வாட் இழுக்கும், 37 ஆம்பியருக்கு மேல். வயரும் ஃபியூஸும் இந்தக் கணக்குக்கே.

இன்வெர்ட்டர் வழியாக ஏ.சி.யில் ஓட்டுவது சுலபம். சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகமில்லாத மின்னணு ஸ்விட்ச்) ஒன்று, அலுமினிய ஹீட்-சிங்க்கில் நன்றாக இறுக்கியது. அது கெடும்போது பெரும்பாலும் ஆஃப் ஆகாமல் ஆனிலேயே மாட்டிக்கொள்ளும். ராத்திரியெல்லாம் ஹீட்டர் ஓடி விடியும்போது பேட்டரி காலி. அதனால் தொடரில் ஒரு கான்டாக்டரும் (காயிலால் இயங்கும் பெரிய ஸ்விட்ச்) எம்.சி.பி.யும் (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) வேண்டும், கான்டாக்டர் காயிலை குறை-வோல்டேஜ் ரிலே வழியாகக் கொடுங்கள். கீசரின் சேஃப்டி வால்வை அடைத்து வைக்காதீர்கள்.

லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன் பற்றிய கவலை குறைவு. ஆனால் அதன் வோல்டேஜ் கோடு நடுவில் தட்டையாக இருப்பதால் வோல்டேஜைப் பார்த்து நிரம்பிய அளவைச் சொல்ல முடியாது. பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டைக் கணக்கிடும் ஷன்ட் மீட்டர் வைத்து, 95 சதவீதத்தில் ஆன், 85-ல் ஆஃப் என்று வைக்கலாம்.

கட்டி முடித்த முதல் வாரம், மோட்டார் அரைமணி ஓடியதும் பேட்டரி முனைகளில் வயர் நுனியில் மாட்டிய ஒவ்வொரு லக்கையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். மற்றவற்றைவிட 10 டிகிரி கூடுதலாக எது காட்டினாலும் அங்கே கிரிம்ப் (வயரை லக்கில் நசுக்கிப் பிடித்த இடம்) சரியில்லை, அல்லது நட்டு தளர்வு. எல்லாச் சுமையையும் நிறுத்தி, பேனல் பக்கத்தையும் பேட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள்.