கான்ஸ்டலேஷன்: கூட்டமா, மண்டலமா?

ஓரியன், ரிஷபம், விருச்சிகம் என்று வானத்தில் உருவம் கற்பித்துப் பெயரிட்ட விண்மீன் தொகுதியே கான்ஸ்டலேஷன் (constellation). அதைத் தமிழில் 'விண்மீன் கூட்டம்' என்று எழுதும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. இலத்தீனில் 'ஸ்டெல்லா' என்றால் விண்மீன், 'கான்' என்ற முன்னொட்டுக்குச் 'சேர்ந்து' என்று பொருள். சொற்பிறப்பு இவ்வளவுதான். அந்தச் 'சேர்ந்து' என்பதைப் பிடித்துக்கொண்டு கூட்டம், குழு, குழாம் என்று ஆளுக்கொன்றாகக் கிளம்பிவிட்டார்கள்.

அவை சேர்ந்தா இருக்கின்றன? வேட்டைக்காரனாகக் காணும் ஓரியனின் தோள்களான இரண்டு விண்மீன்களில் பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மற்றத் தோளான திருவாதிரை அதைப்போல் இரு மடங்கு தூரத்துக்கும் அப்பால். நம் கண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன, வேறு உறவில்லை. 'குழாம்' தனித்தமிழ்தானே என்பார்கள். தனித்தமிழ்தான், ஆனால் அடியார் குழாம் விரும்பிக் கூடியது.

உண்மையிலேயே ஒன்றாகப் பிறந்து ஒன்றாக நகரும் விண்மீன்கள் உண்டு. அவை கிளஸ்டர், தமிழில் கொத்து. கூட்டம் என்ற சொல்லைக் கான்ஸ்டலேஷனுக்குக் கொடுத்தால் ரிஷபத்தில் மாட்டிக்கொள்வோம். பிப்ரவரி முன்னிரவில் ஓரியனின் இடுப்பிலுள்ள மூன்று மீன்களை இணைத்து வடமேற்கே கோடு நீட்டுங்கள். கையை நீட்டி மடக்கிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை (டிகிரி). இரண்டு முஷ்டிக்குச் சற்று மேலே செம்மையாக ரோகிணி தெரியும். அதைச் சுற்றி 'வி' வடிவில் இருப்பது ஹயாடிஸ் கொத்து, சுமார் 150 ஒளியாண்டு. ரோகிணியோ 65 ஒளியாண்டில் குறுக்கே நிற்பது, கொத்தில் சேராது. இன்னும் ஒன்றரை முஷ்டிக்குள் கார்த்திகை, அது வேறொரு கொத்து. எல்லாம் ரிஷபத்துக்குள். கூட்டத்துக்குள் இரண்டு கூட்டம், கூட்டத்தில் சேராத ஒன்று என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-இல் 88 கான்ஸ்டலேஷன்களை ஏற்றது. 1930-இல் பெல்ஜிய வானியலாளர் டெல்போர்ட் வகுத்த எல்லைகள் வெளியாயின. அன்றிலிருந்து கான்ஸ்டலேஷன் என்பது உருவம்கூட அல்ல, வானத்தில் எல்லை கட்டிய ஒரு பரப்பு. தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்று நிலத்துக்குச் சொன்ன சொல் இதற்கு அப்படியே பொருந்தும்: விண்மீன் மண்டலம். வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் முதலில் தெளிவைப் பார்க்கட்டும். கோடானுகோடி விண்மீன்கள் அடங்கிய காலக்ஸிக்கும் (galaxy) 'மண்டலம்' என்றே போடுபவர்களுக்குப் 'பேரடை' இருக்கிறது.

ஓரியனை 'மிருகசீரிடம்' என்பதும் பிழை. மிருகசீரிடம் ஓரியனின் தலைப்பகுதி மட்டுமே. திருவாதிரையும் அதே எல்லைக்குள்தான். கான்ஸ்டலேஷனை 'ராசி' என்பது இன்னும் மோசம். ராசி ஒவ்வொன்றும் சரிசமமாக 30 பாகை, சூரியன் கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். விருச்சிக மண்டலத்தையோ அது ஒரே வாரத்தில் தாண்டிவிடும்.