கடாவரின்: பிணத்தின் பெயர் பெற்ற சேர்மம்

உயிர் பிரிந்த உடல் அழுகும்போது உண்டாகும் நைட்ரஜன் சேர்மங்களில் ஒன்று கடாவரின். கூடவே உண்டாகும் இன்னொன்று புட்ரெசின். இரண்டையும் 1885-இல் விவரித்துப் பெயர் பெற்றவர் பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர்.

புட்ரெசினின் வேர், அழுகுதலைக் குறிக்கும் லத்தீன் வினை. கடாவரின், பிணம் எனப் பொருள்படும் 'கடாவெர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது 'விழு' என்ற வினை. இவ்வகைச் சேர்மங்களுக்கு இத்தாலிய வேதியியலாளர் செல்மி வைத்த பொதுப்பெயர் டோமைன். அதன் கிரேக்க வேரும் விழுந்த உடலைத்தான் சொல்கிறது. நாமும் 'சாவு விழுந்த வீடு' என்கிறோமே!

சரி, இவை எப்படி உண்டாகின்றன? பாக்டீரியாக்கள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. அப்புறம் லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு நீங்கினால் கடாவரின். ஆர்னிதின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து நீங்கினால் புட்ரெசின். முன்னதில் 5 கார்பன், பின்னதில் 4. பிணவாடைக்கு இவை மட்டுமே காரணமல்ல. இண்டோல், ஸ்கடோல், கந்தகச் சேர்மங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

கடாவரினும் புட்ரெசினும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மீன் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனும் இந்தக் குடும்பம்தான். அமீன்கள் காரத்தன்மை கொண்டவை. புளியின் அமிலம் பட்டதும் உப்பாக மாறி, காற்றில் எழாமல் தங்கிவிடும். மீனைப் புளி கரைத்துக் கழுவும் வழக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

இந்த வகைச் சேர்மங்களைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'பிண அமீன்' என்பது நேர்ப்பெயர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புட்ரெசின் உயிருள்ள செல்களிலும் உண்டு. செல் வளர்ச்சிக்குத் தேவையான ஸ்பெர்மிடின் அதிலிருந்தே உருவாகிறது. வாய் நாற்றத்திலும் கடாவரின் இருக்கிறது. உயிரோடு இருப்பவரின் உடலில் உள்ளதைப் பிணத்தோடு கட்டிப்போடுவது சரியல்ல. சேர்த்து எழுதினால் 'பிணவமீன்' என்று ஏதோ மீன் வகைபோல ஒலிக்கும் சிக்கல் வேறு.

நம்மிடம் 'ஊழ்த்தல்' என்ற பழைய வினை இருக்கிறது. முதிர்தல், பதன் அழிதல் இரண்டையும் அது குறிக்கும். இன்று லஞ்சத்தோடு சேர்த்தே பேசப்படும் 'ஊழல்' என்ற சொல்லுக்கும் பதனழிந்தது என்ற பொருள் உண்டு. அமீனை 'அமைன்' என்றும் எழுதுகிறோம். ஆகவே இந்த வகைக்கு 'ஊழமைன்' என்பதே என் பரிந்துரை. தனித்தனியாகச் சொல்லும்போது கடாவரினும் புட்ரெசினும் அப்படியே இருக்கட்டும்.