‘மருந்து மணக்குது’ என்று நம்பி இறங்காதீர்கள்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பில் பகல் பதினொரு மணிக்கு மேல் வீட்டுக்குள் இருக்கவும் ஏலாது, வெளியில் போகவும் ஏலாது. ஆகஸ்ட் விடுமுறையின் கடைசி ஞாயிறு. அதற்கு முந்தைய மூன்று நாளும் மகள் ‘பூலுக்குப் போவம் அப்பா’ என்று அரித்தெடுத்துவிட்டாள். கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு அம்மா பேரப்பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்கவே விடமாட்டா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் பிறந்து நீந்தத் தெரியாமல் வளர்கிற பிள்ளைகள் எங்கள் குடும்பத்தில் மட்டும் நாலு பேர்.

ஒரு வான் பிடித்தோம். அம்மா, நாங்கள், தங்கச்சி குடும்பம், சோற்றுப் பார்சல், ஒரு பெரிய போத்தல் நெல்லிச்சாறு. போனது அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் டிக்கட் எடுத்து உள்ளே போகிற ஒரு நீச்சல் தடாகத்துக்கு. பெயர் இங்கே தேவையில்லை. நான் எழுதப்போவது அந்த ஓரிடத்துக்கு மட்டும் பொருந்துகிற சங்கதியும் இல்லை.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர்ப் பேச்சில் பீ.எச்.ஐ. தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் என் கண் குசினிப் பக்கம் போய்விடும் என்பது மனைவியின் நிரந்தரக் குறை. “இண்டைக்கு நீங்க பீ.எச்.ஐ. இல்ல, பிள்ளையளுக்கு அப்பா மட்டும்” என்று சொல்லித்தான் வானில் ஏற்றினா. ஒத்துக்கொண்டேன். ஆனாலும் குளோரின் பார்க்கிற பெட்டி பையின் அடியில் இருந்தது. பழக்கதோஷம்.

வாசலிலேயே மூக்கில் ஏறியது மணம். தங்கச்சிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “நல்லா மருந்து போட்டிருக்காங்க அண்ணா, இஞ்ச வரைக்கும் மணக்குது.”

இந்த நம்பிக்கையை ஊருக்குள் விதைத்தவர்களில் நானும் ஒருவன். 2005 தை மாதம், வேலைக்குச் சேர்ந்த புதிது. கடல் புகுந்த கிணறுகளை இறைத்து, டீ.சீ.எல். என்கிற குளோரின் பவுடர் கரைத்து ஊற்றிக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தோம். சனம் அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கியது. “மருந்து மணந்தாத்தான் பயமில்லாத தண்ணி, குடியுங்க” என்று வீடு வீடாகச் சொன்னோம். கிணற்றுக்கு அது சரி. கிணற்றுக்குள் பத்துப் பேர் இறங்கிக் குளிப்பதில்லை. நீச்சல் தடாகத்தில் அந்த மணத்துக்கு அர்த்தமே வேறு.

பிள்ளைகள் அதற்குள் உடுப்பு மாற்றிக் குதித்துவிட்டார்கள். என் பிழைதான். தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை விடவேண்டும். நான் டிக்கட்டுக்கு மிச்சக் காசு வாங்கிக்கொண்டு நின்றேன்.

ஆழமான பக்கத்து விளிம்பில் போய்க் குனிந்து பார்த்தேன். இந்தத் தடாகங்களின் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற சதுர மூடி ஒன்று இருக்கும். அது துலக்கமாகத் தெரியவேண்டும். அங்கே தெரியவில்லை. பாலில் கொஞ்சம் நீலம் கலந்த மாதிரித் தண்ணீர். மூடி தெரியாவிட்டால் வடிகட்டி ஒழுங்காக ஓடவில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, ஒரு பிள்ளை அடியில் போய்க் கிடந்தாலும் மேலே நிற்பவர் கண்ணுக்குப் படாது. தண்ணீர் கலங்கியிருக்கிற தடாகத்தை மூடுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

மனைவி பார்க்காத நேரம் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடிக் குழாயில் தடாகத் தண்ணீரை எடுத்து, முதலாம் நம்பர் டீ.பீ.டீ. மாத்திரையை நசுக்கிப் போட்டேன். கிருமியைக் கொல்லக் கை காலியாக நிற்கிற குளோரின் இருந்தால் உடனே ரோஸ் நிறம் வரும். வந்தது. ஆனால் வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவு. லீற்றருக்கு 0.2 மில்லிகிராம்கூட இல்லை. அதே குழாயில் மூன்றாம் நம்பர் மாத்திரையையும் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்தேன். இப்போது செவ்வரத்தம் பூவைக் கசக்கிவிட்ட மாதிரி நிறம். 1.5ஐத் தாண்டிவிட்டது.

இந்த இரண்டு நிறத்துக்கும் இடையில்தான் முழுக் கதையும் இருக்கிறது. முதல் மாத்திரை காட்டுவது வேலைக்குத் தயாராக இருக்கிற குளோரினை. பிறகு போட்டது மொத்தக் குளோரினையும் காட்டும். மொத்தத்தில் முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது மூத்திரத்தோடும் வியர்வையோடும் சேர்ந்து கட்டுண்டுபோன குளோரின். குளோரமின் என்பார்கள். கண் சிவக்கவைப்பது, இருமல் கொண்டுவருவது, வாசல் வரை வந்து மூக்கைப் பிடிப்பது எல்லாம் இதுதான். கிருமியைக் கொல்ல இதற்குப் பெரிதாக வலு இல்லை. நல்ல குளோரின் 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருக்கிற, ஒழுங்காகப் பராமரிக்கிற தடாகத்தில் பக்கத்தில் போனாலும் மணம் லேசாகத்தான் இருக்கும். தங்கச்சி ‘நல்லா மருந்து’ என்று முகர்ந்தது செத்த மருந்தை.

பொறுப்பாளரைத் தேடிப் போனேன். நல்ல மனுசன். வேலையைச் சொன்னதும் கதிரை போட்டார். “நேத்துப் பின்னேரம்தான் மருந்து போட்டம் சேர்.” நேற்றுப் போட்டது இன்று பகலுக்கு உதவாது. நம்முடைய வெயிலில், வெயில் தாங்க உதவும் பொருள் எதுவும் சேர்க்காத குளோரின் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாளுக்கு இரண்டு தடவையாவது தண்ணீரைச் சோதித்துக் கொப்பியில் எழுதவேண்டும், கூட்டமான நாளில் இன்னும் கூடுதலாக. கொப்பியைக் கேட்டேன். டிக்கட் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

பீ.எச். பார்ப்பதில்லையா என்றும் கேட்டேன். (பீ.எச்.ஐ. வந்து பீ.எச். கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்கும் வந்தது.) தண்ணீரின் காரத்தன்மை கூடினால் குளோரின் சோம்பேறியாகிவிடும். பீ.எச். 7.5இல் போட்ட குளோரினில் பாதி வேலை செய்யும். 8க்குப் போனால் கால்வாசிதான். பவுடரை வாளி வாளியாகக் கொட்டுகிற இடங்களில் பீ.எச்.சும் கூடவே ஏறுகிறது. அதனால் மறுபடி கொட்டவேண்டி வருகிறது. காசும் போகிறது, தண்ணீரும் திருந்தவில்லை.

நான் பேசி முடிக்கவில்லை, அவர் வெளியே பார்த்து, “தம்பி, மருந்தக் கொஞ்சம் போடு” என்று சத்தம் வைத்தார். வாசலில் டிக்கட் கிழித்த பொடியன் வெறுங்கையோடு ஒரு வாளி வெள்ளைப் பவுடரைத் தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணீருக்குள் இருபது முப்பது பிள்ளைகள். ஓடிப்போய் மறித்தேன். ஆட்கள் உள்ளே இருக்கும்போது பவுடர் கொட்டுவது தோலுக்கும் கண்ணுக்கும் செய்கிற கொடுமை. கட்டுண்ட குளோரினை உடைக்க, அது இருக்கிற அளவைப்போல் பத்து மடங்கு வரை புதுக் குளோரின் போடவேண்டும். எல்லோரையும் வெளியேற்றி, பம்பை ஓடவிட்டு, பொழுதுபட்ட பிறகு செய்கிற வேலை அது. அந்தப் பொடியனுக்குக் கையுறைகூடக் கொடுக்கவில்லை. குளோரின் பவுடரையும் அசிட்டையும் ஒரே அறையில் அடுக்கி வைத்திருந்ததையும் பார்த்தேன். இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிள்ளைகளை ஏறச் சொன்னேன். மகள் அழுதாள். வந்து பதினைந்து நிமிடம் ஆகவில்லை.

மனைவியும் தங்கச்சியும் முதலிலிருந்தே பிளாஸ்டிக் கதிரையில்தான் இருந்தார்கள். ‘நீச்சல் உடை இல்லாமல் இறங்கக்கூடாது’ என்று பலகை. பருத்தி உடுப்போடு இறங்கினால் நூல் உதிர்ந்து வடிகட்டியில் அடைக்கும், சாயமும் சோப்பும் குளோரினைத் தின்னும், நனைந்த துணி ஆளையும் கீழே இழுக்கும். ஆகவே அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் நம் பெண்கள் எதை உடுத்தி இறங்குவார்கள் என்று யோசித்து, உடல் மூடிய நைலோன் நீச்சல் உடையை வாடகைக்கு வைத்திருந்தால் என்ன? பெண்களுக்கென்று கிழமையில் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் என்ன? அதே பலகைக்குக் கீழே சில ஆண்கள் உள்ளே போட்ட பருத்திக் காற்சட்டையோடு நீந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

உயிர்காப்பாளர் யார் என்று கேட்டதற்கும் அந்த டிக்கட் பொடியனைத்தான் காட்டினார்கள். அவனுக்கு நீந்தத் தெரியுமாம். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை படத்தில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சரிந்து, ஏணியில் ஏறுகிற மாதிரிக் கை அடித்து, சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உலகம் முழுவதும் 2021இல் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். எங்கள் பக்கம் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது: தூக்கியெடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது. செய்யாதீர்கள். பிள்ளை மூச்சு விடாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் 1990 அம்புலன்சுக்கு அடிக்கட்டும்.

எல்லாக் குற்றத்தையும் தடாகக்காரர் தலையில் கட்டிவிட்டு வானில் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். மரத்தடியில் பார்சலைப் பிரித்தபோது தங்கச்சியின் சின்னவன், மூன்று வயது, சோற்றைத் தள்ளிவிட்டான். “என்ன மனே, பசிக்கல்லயா?” என்று அம்மா கேட்டா. தங்கச்சி சாதாரணமாகச் சொன்னாள்: “வியாழன் தொட்டு வயித்தால போனது அம்மா. நேத்துத்தான் கொஞ்சம் நிண்டது.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் குஞ்சுத் தடாகத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். முழங்காலளவுத் தண்ணீர், வெயிலில் சுட்டுக் கிடந்தது. இருந்த சொற்பக் குளோரினும் அங்கேதான் முதலில் தீரும். வயிற்றோட்டக் கிருமிகள் எல்லாம் ஒரே மாதிரிச் சாவதில்லை. நல்ல குளோரின் இருந்தால் ஈகோலை ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஜியார்டியாவுக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று இருக்கிறது, ஒழுங்காகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு கிழமைக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் போதும். நீச்சலுக்கென்று விற்கிற பம்பர்ஸ் இதைத் தடுக்காது, மறைக்கத்தான் உதவும்.

வயிற்றால் போகிற பிள்ளையைத் தடாகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நின்ற பிறகும் அவசரப்படவேண்டாம். கிரிப்டோ கிருமி என்றால் நின்று இரண்டு கிழமை வரை மலத்தில் வந்துகொண்டிருக்கும். எந்தக் கிருமி என்று நம் ஊரில் சோதிப்பவர்கள் குறைவு. ஆகவே எல்லா வயிற்றோட்டத்துக்கும் இரண்டு கிழமை என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

திரும்பிப்போய்ப் பொறுப்பாளரிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அரைமணி முன்பு அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். அவர் ஒன்றும் பேசாமல் குஞ்சுத் தடாகத்தை வெறுமையாக்கச் சொன்னார். மற்றதை மறுநாள் அந்தப் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதினேன். என் பிரிவு இல்லாததால் நேரே நடவடிக்கை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கிறது. முகநூலில் படம் போடுவதைவிட அந்தப் பணிமனைக்கு ஒரு கடிதம் கூடுதல் வேலை செய்யும்.

ஷவர் பற்றியும் ஒரு சொல். இறங்குமுன் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்தாலே தலையெண்ணெய், கிறீம், வியர்வை பெரும்பகுதி போய்விடும். அங்கே ஷவர் இருந்தது. தண்ணீர் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் ஆட்கள் ‘அதான் பூலுக்குள்ள இறங்கப்போறமே, மறுகா எதுக்குக் குளிப்பு?’ என்றுதான் கேட்டிருப்பார்கள். தண்ணீருக்குள் மூத்திரம் பெய்யாதீர்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகளை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெளியே கூப்பிட்டுக் கழிப்பறைக்கு விடுங்கள்.

கேரளாவில் 2024இல் பிள்ளைகளைக் கொன்ற அமீபா பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது குடிப்பதால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறுகிறது. குளங்களிலும் கவனிக்காத தடாகங்களிலும் வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். போதிய குளோரின் அதற்கும் எமன். திரும்பவும் அந்த ரோஸ் நிறத்தில்தான் வந்து நிற்கிறோம்.

வானில் வரும் வழியெல்லாம் மகள் என்னோடு பேசவில்லை. பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள். அங்கே கடல் வெகுதூரம் இடுப்பளவுதான். அம்மாவைச் சம்மதிக்கவைப்பது தனி வேலை.

புதன்கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். “அண்ணா, சின்னவனுக்கு இப்ப வயிறு நல்ல சுகம். வாற ஞாயிறு பாசிக்குடா எண்டு மகள் சொன்னாளே, நாங்களும் வாறம் என்ன?”

நாட்காட்டியை எடுத்து விரல்விட்டு எண்ணினேன். “அவன் இன்னும் பத்து நாள் கரையில நிண்டு மண் விளையாடட்டும்” என்றேன்.