மார்பக அறுவைக்குப் பின்: வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிளாஸ்டிக் அறுவைக்குப் பிந்தைய காயங்களைக் கவனிக்கும் தாதியாக வேலை செய்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வரும் நம் பெண்களில் பலர், பிள்ளைகளுக்குப் பாலூட்டி முடித்த பின் தொய்ந்த மார்பகத்தை உயர்த்தித் தைத்து, கூடவே சிலிகான் இம்ப்ளாண்டும் (மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வைத்துக்கொண்டவர்கள். அறுவையை நன்றாகவே தாங்கிவிடுகிறார்கள். வீடு திரும்பிய பின் அதை மறைப்பதுதான் அவர்களைப் படுத்துகிறது. மாமியாரிடம் முதுகுவலி என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் ஆவதற்குள் அடுப்படியில் நின்று பிரியாணிப் பானையைத் தூக்குகிறார்கள்.

இம்ப்ளாண்டைப் பல சமயம் மார்புத் தசைக்கு அடியில் வைக்கிறார்கள். கனத்தைத் தூக்கினாலும், மேல் தட்டுக்குக் கையை எக்கினாலும் அந்தத் தசை இறுகும், தையல் இழுபடும், உள்ளே இரத்தம் கசியலாம். ஆகவே நான்கிலிருந்து ஆறு வாரம் வரை பானையும் வேண்டாம், தண்ணீர் வாளியும் வேண்டாம். கைக்குழந்தையை வேறொருவர் எடுத்து உங்கள் மடியில் வைக்கட்டும். தைப்பூசத்துக்குக் காவடியோ பால்குடமோ நேர்ந்திருந்தால் அறுவைத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். விரதம் இருப்பவர்கள் பருப்பு, பால், தயிரைக் குறைக்கக் கூடாது. புரதம் இல்லாமல் காயம் ஆறாது.

உயர்த்தித் தைத்த இடத்தில், மேலிருந்து வரும் தையலும் மார்பின் அடிமடிப்புத் தையலும் சந்திக்கும் மூலை சில சமயம் லேசாகப் பிரியும். பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆறிவிடும். அதில் மஞ்சள் குழைத்துப் பூசுவதையும் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. திறந்த காயத்தில் சமையலறைப் பொருள் எதுவும் படக் கூடாது. டர்பன் கோடையின் புழுக்கத்தில் அடிமடிப்பில் வியர்வை தேங்கும். அறுவைக்கான பிராவை இரண்டாவது ஒன்று வாங்கி மாற்றி மாற்றி அணியுங்கள். கம்பி வைத்த பிரா இப்போதைக்கு வேண்டாம். தலைப்பக்கம் உயர்த்தி, மல்லாந்து படுங்கள்.

சிகரெட், வேப் (மின்சிகரெட்), ஹப்ளி (ஹூக்கா) மூன்றும் ஒன்றுதான். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இந்த அறுவைக்குப் பின் காம்புக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைவு. காம்பின் தோல் கறுத்து அழுகவும் கூடும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் எதையும் தொடாதீர்கள்.

முதலில் மார்பு மேலேறி, இறுகி, இரண்டு பக்கமும் வெவ்வேறாகத் தெரியும். காம்பு மரத்துப் போகலாம்; மின்னல் போல் சுருக்கென்று வலிக்கலாம். படிந்து வடிவத்துக்கு வர மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். இதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கிக் கல்லாக இறுகினால், காய்ச்சலோடு தோல் சிவந்தால், சீழ் வந்தால், காம்பின் நிறம் மாறினால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தாலும் அப்படியே. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸுக்கு 10177க்கு, கைப்பேசியிலிருந்து என்றால் 112க்கு அழைக்க வேண்டும். நள்ளிரவில் இதையெல்லாம் செய்ய, உண்மை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா? கணவரோ தங்கையோ, யாராக இருந்தாலும் சரி.

இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் உழைப்பதில்லை. சிலிகான் வைத்தவர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுக்கும்படி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள வகைகளோடு அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபட்டதால், 2019இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உங்களுக்கு வைத்தது எது என்பது இம்ப்ளாண்ட் அட்டையில் இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இம்ப்ளாண்டைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டியிருக்கும். அவரிடமும் மறைப்பவர்கள் உண்டு.