மலையிலிருந்து இறங்கிய மண் எப்போது கடலில் படிந்தது?

தேயிலை மண்ணின் புளிப்பு மிஞ்சும்போது மலையகத் தோட்டங்களில் தூவும் டொலமைட், மாத்தளை, திகன பக்கத்துச் சலவைக்கல்லை அரைத்த தூள். அந்தக் கல் ஆதியில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. ஆனாலும் எந்த நுணுக்குக்காட்டியில் வைத்தாலும் அதில் ஒரு கடலுயிரின் ஓடுகூட அகப்படாது. மலையகப் பாறைகள் சுமார் 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் 800 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் உருமாறியவை. பழைய படிவின் இழையமைப்பு முழுவதும் அழிந்துவிட்டது. அழியாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. பாறை வயதைச் சொல்லும் சுண்ணாம்பு நுண்ணுயிர்கள் அப்போது பிறக்கவே இல்லை: மிதக்கும் பாசிகளின் நுண்ணிய சுண்ணாம்புத் தகடுகளான கொக்கோலித்துகள் தோன்றியது திரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஓடுள்ள ஒருகல உயிர்களான போராமினிபெராக்களில் மிதக்கும் வகை யுராசிக்கில். இரண்டும் மிகப் பிந்திய காலங்கள்.

மலைப்பாறையின் வயதுக்கு, சேர்க்கன் என்ற கனிம மணியில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் போதும். அந்த மலை அரிக்கப்பட்டு இறங்கிய மண் எப்போது படிந்தது என்று அறியத்தான் கடலுக்குப் போகவேண்டும். மகாவலி கொண்டுபோகும் கானற், சிலிமனைற்று என்ற மலைப்பாறைக் கனிம மணிகள் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலை ஆழ்கடல் பள்ளத்தாக்கில் இறங்குகின்றன. மணி வந்த இடத்தைச் சொல்லும்; காலத்தைச் சொல்வது அதனுடன் புதைந்த ஓடு.

போராமினிபெராவுக்குச் சேறு 50 கிராம் அளவு வேண்டும். அதை உலர்த்தி, நீர்த்த ஐதரசன் பரவொட்சைட்டில் ஊறவைத்து, 63 மைக்ரோமீற்றர் அரிதட்டில் மெல்லிய நீர்த்தாரையில் கழுவுவார்கள். அதிக நேரம் ஊறவிட்டால் கரைசலின் அமிலம் மெல்லிய ஓடுகளைத் தின்றுவிடும். எஞ்சியதை 50 பாகைக்குக் கீழே உலர்த்தி, கறுப்புத் தட்டில் பரப்பி, ஈரமான மிக நுண்ணிய தூரிகையால் சுமார் 300 ஓடுகளைப் பொறுக்கவேண்டும். அடுத்த மாதிரியைப் போடுமுன் அரிதட்டை மெதிலீன் நீலத்தில் தோய்ப்பது கட்டாயம். பிறகு நீல நிற ஓடு கண்ணில் பட்டால், அது முந்திய மாதிரியிலிருந்து ஒட்டிவந்தது என்று ஒதுக்கிவிடலாம்.

கொக்கோலித்துகள் இன்னும் சிறியவை, பெரும்பாலும் 3 முதல் 15 மைக்ரோமீற்றர். கழுவினால் தண்ணீரோடு போய்விடும். குண்டூசித் தலையளவு சேற்றைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் பூசி, உலர்த்தி, 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்கவேண்டும். இங்கே நீரைக் கவனிக்கவேண்டும்: காய்ச்சி வடித்த நீர், இந்தத் தகடுகளின் சுண்ணாம்புக் கனிமமான கல்சைற்றைக் கரைக்கக்கூடியது. ஓரிரு துளி அமோனியா விட்டுக் காரமாக்காவிட்டால், நுண்ணிய இனங்கள் சத்தமில்லாமல் மறைந்து, பட்டியல் பொய்யாகும். முனைவாக்கிய ஒளியில் பல இனங்கள் பளிச்சிடும். விண்மீன் வடிவ டிஸ்கோஆஸ்டர் மட்டும் இருண்டு கிடக்கும். சாதாரண ஒளிக்கு மாற்றிப் பார்க்காதவருக்கு அது தப்பிப்போகும்.

ஒவ்வோர் இனமும் தோன்றிய, அழிந்த காலங்கள்தான் அளவுகோல். கொக்கோலித்து இனமான எமிலியானியா ஹக்ஸ்லேயி தோன்றியது சுமார் 0.29 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். டிஸ்கோஆஸ்டர் புரூவேரி அழிந்தது சுமார் 1.93 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். கடலடியைத் துளைத்தெடுத்த ஓர் அகழ்வுத் தண்டில், கீழிருந்து மேலே வரும்போது எமிலியானியா முதலில் தலைகாட்டும் மட்டம் 14.5 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றர் படிந்திருக்கிறது. இந்த இனம் மிகச் சிறியது; ஒளி நுணுக்குக்காட்டியை மட்டும் நம்பினால் எல்லைக்கோடு எளிதாக மேலோ கீழோ நகர்ந்துவிடும்.

தொலைவிலுள்ள பாறைப் படைகளை ஒரே வயதென்று இணைப்பதும் இதே முறைதான். யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணாம்புக்கல்லிலும் கேரளத்துக் கொல்லம் படைகளிலும் டபரினா மலபாரிக்கா என்ற பெரிய போராமினிபெரா கிடைக்கிறது. இரண்டும் மயோசீன் காலத்தின் முற்பகுதியில் படிந்தவை என்ற முடிவுக்கு அது முக்கிய சான்று. ஆனால் அது ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்த உயிர். அதே காலத்து ஆழ்கடல் சேற்றில் அதைத் தேடி, இல்லையென்று 'வேறு வயது' என எழுதுவது பிழை. அங்கே மிதக்கும் இனங்களைத்தான் கேட்கவேண்டும்.

எண்ணெய்க் கிணறுகளில் சிக்கல் வேறு. 2011இல் எரிவாயு கிடைத்த மன்னார்ப் படுகை போன்ற இடங்களில் துளையிடும்போது வருவது பெரும்பாலும் கற்துகள்கள். கிணற்றுச் சுவரின் மேற்பகுதி உதிர்ந்து கீழ்த்துகளோடு கலக்கும். ஆகவே இனம் தோன்றிய மட்டத்தை நம்பாமல், அழிந்த மட்டத்தை, அதாவது இறங்கும்போது முதன்முதலில் எதிர்ப்படும் இடத்தைக் குறிப்பார்கள். குளோபோட்ருங்கானா என்ற மிதக்கும் போராமினிபெரா தட்டுப்பட்டால், 66 மில்லியன் ஆண்டு எல்லையைக் கடந்து கிரெற்றேசியசுக் காலப் படைக்குள் வந்தாயிற்று. தேய்ந்து நிறம் மாறிய ஓர் ஓடு மட்டும் தனியே வந்தால் அவசரப்படக்கூடாது. பழைய படை அரிக்கப்பட்டு இளைய சேற்றில் மறுபடியும் படிந்ததாக இருக்கலாம். அதை நம்பினால் பாறைக்கு இல்லாத வயது ஏறும்.

மகாவலி மண்ணுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். பள்ளத்தாக்கில் சரிந்து ஓடும் சேற்றுப் பாய்ச்சல், கரையோர ஓடுகளையும் பழைய ஓடுகளையும் அள்ளிக்கொண்டே இறங்குகிறது. அதனால் வயதுக்கான மாதிரியை மணற்படையிலிருந்து எடுப்பதில்லை. இரண்டு பாய்ச்சல்களுக்கு இடையே அமைதியாகப் படிந்த மெல்லிய களிப்படையிலிருந்து எடுக்கிறார்கள். கானற் எண்ணிக்கைக்கு அதை ஒட்டிய மணற்படை.