ராகி நனைந்தால் 72 மணி நேரம்: பயிர் காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

புயல் என்றால் கடலோரத்துக் கவலை என்றுதான் இருந்தோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரில் 33. ஆடிப் பட்டத்து மானாவாரி ராகி அறுப்புக்கு நிற்கும் நேரம் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இப்போதெல்லாம் விதைக்கும்போது மழை ஏமாற்றுகிறது, அறுக்கும்போது வந்து நிற்கிறது.

இதற்கு இருப்பது 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டம். ஜூன், ஜூலை வாக்கில் விதைக்கும் காரீப் பருவத்து உணவு தானியம், எண்ணெய் வித்துகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2%, அக்டோபர் வாக்கில் விதைக்கும் ராபிக்கு 1.5%, தோட்டப் பயிர், பணப் பயிருக்கு அதிகபட்சம் 5% நாம் கட்டுவது. ஏக்கருக்கு 10,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக்கொண்டால் காரீப் ராகிக்கு 200 ரூபாய். மீதியை அரசுகள் கட்டுகின்றன. உங்கள் பயிர் உங்கள் ஊருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணம் எப்படி வரும்? பலர் ஏமாறுவது இங்கேதான். இது பெரும்பாலும் உங்கள் கொல்லைக் (வயல்) கணக்கு இல்லை, ஊர்க் கணக்கு. அறிவிக்கப்பட்ட பகுதியில் சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து சராசரி மகசூல் எடுப்பார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து ஓர் அளவு முன்பே குறித்திருப்பார்கள். அதற்குக் கீழே எத்தனை சதவீதம் குறைகிறதோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும். உங்கள் கொல்லை மட்டும் காய்ந்து ஊர் விளைந்திருந்தால் ஒன்றும் வராது. வறட்சி அடுத்தடுத்து வந்தால் அந்த 5 ஆண்டுச் சராசரியே இறங்கிவிடும் என்பது எனக்கு இதில் பிடிக்காத இடம்.

தனி வயலுக்கும் இழப்பீடு உண்டு. ஆலங்கட்டி மழை, மண்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றில் உங்கள் பயிர் போனால் அதைத் தனியாகப் பார்ப்பார்கள். அறுத்துக் கொல்லையிலேயே காயப்போட்ட கதிர் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தாலும் அப்படித்தான், ஆனால் அறுத்து 14 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். களத்துக்குக் கொண்டுபோய்ப் போர் போட்டுவிட்டால் இது பொருந்தாது. இரண்டுக்குமே 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். 14447 என்ற எண், வங்கி, வேளாண் அலுவலகம், எதுவானாலும் சரி. ஈரக் கதிரைப் புரட்டிப் போடும் அவசரத்தில் இந்த மூன்று நாள் போய்விடுகிறது. புரட்டும் முன் போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள்.

பதிவுக்கு ஆதார், பாஸ்புக், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் நிற்கிறது என்று காட்டும் அடங்கல் வேண்டும். குத்தகைக்காரரும் சேரலாம். பயிர்க்கடன் வாங்கியவர்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கியே பிரீமியத்தைப் பிடித்துவிடும். எந்தப் பயிர் பெயரில் பிடித்திருக்கிறது என்று ரசீதைப் பாருங்கள். கொல்லையில் ராகி நிற்க, அடங்கலில் நிலக்கடலை இருந்தால், விஏஓவிடம் போய் மழைக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.